பல்செட்டின் தன்னியல்பு

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களுக்கென்று ஓர் அறை உண்டு. பதினெட்டு வருடமாக அங்கே கவுன்ட்டரில் இருப்பவரின் பெயர் எந்தப் பயணிக்கும் தெரியாது. "அப்புறம் அக்கா" என்றால் தெரியும்.

"கறுப்புக் குடைங்க."

"அப்புறம்?"

"நனைஞ்சிருக்கும்."

"இதுக்குள்ள காஞ்சிருக்கும். அப்புறம்?"

அக்கா கல்லூரியில் தருக்கம் படித்தவர். ஒரு பொருள்மேல் ஏற்றிச் சொல்வதெல்லாம் ஒரே தரமல்ல என்று அங்கே தெரிந்துகொண்டவர், விண்ணப்பத்தில் மூன்று கட்டம் போட்டுவிட்டார். அந்த இனத்துக்கே உள்ளது பொதுவியல்பு. குடைக்குக் கம்பி மாதிரி. இன்றிருந்து நாளை போகக்கூடியது தற்செயல், ஈரம் மாதிரி. எப்போதும் கூடவே இருந்து, அதற்கு மட்டுமே உரியது தன்னியல்பு. மூன்றாவது கட்டம் நிரம்பாமல் எந்தப் பொருளும் கைமாறாது.

போன மாதம் அவரே ஒன்றைத் தொலைத்தார்: கணவரின் பல்செட். நீச்சல் குளத்தில் முப்பது வருடம் உயிர்காப்புக் காவலராக இருந்த மனிதருக்கு அன்று நாலு மணிக்கு வழியனுப்பு விழா. பல்லில்லாமல் மேடையேற மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார். பழுதுபார்த்து வாங்கிவந்த பல்லை அக்கா பேருந்திலேயே விட்டுவிட்டார்.

மதியம் துப்புரவுப் பணியாளர் பேருந்துகளில் கிடைத்த பொருள்களின் கூடையைக் கொட்டினார். நீல டப்பா இரண்டு விழுந்தன. இரண்டிலும் மேல்வரிசைப் பல். அக்கா ஒன்றை எடுக்கக் கை நீட்ட, அதே அறையில் வேலை பார்க்கும் எதிர்மேசைக்காரர் விண்ணப்பத்தை நீட்டினார்.

"என்னண்ணே, என்கிட்டயேவா?"

"சட்டம் போட்டது யாரு? சொல்லும்மா."

"மேல்வரிசை."

"ரெண்டும் மேல்வரிசைதான். அப்புறம்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எத்தனை பேரை வாட்டியிருப்பார்!

"இப்பத்தான் பாலிஷ் போட்டது."

"ரெண்டு வாய் சாப்பிட்டா போயிடும். தற்செயல். அப்புறம்?"

"முன்பல்லு நடுவுல சந்து இருக்கும்."

அவர் இரண்டையும் திறந்து பார்த்தார். "ரெண்டுலயும் இருக்கே."

"அதுல பல்லு உடைஞ்ச சந்து, அண்ணே. சரி பண்ணா போயிடும். இதுல கேட்டு வாங்கின சந்து. அது இல்லன்னா எங்க வீட்டுக்காரருக்கு விசில் வராது. கையில விசிலே இல்லாம வாயாலயே குளத்தை அடக்கினவரு."

"வாயால சொன்னா போதுமா?"

"அவரு வாயாலதான் காட்டணும்," என்று அக்கா போனை எடுத்தார்.

மூன்று மணிக்குக் கணவர் வந்தார், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு. குழாயில் பல்லைக் கழுவி மாட்டினார். நாக்கைச் சந்தில் வைத்து ஒரு விசில். நிலையமே திரும்பிப் பார்த்தது. ஓடிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று அப்படியே நின்றுவிட்டது.

எதிர்மேசைக்காரர் மூன்றாவது கட்டத்தில் 'விசில்' என்று எழுதினார். "கையெழுத்துப் போடும்மா. அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? நாலு மணிக்கு விழா. நீங்களும் வாங்க. என்னங்க, நடங்க!"