மூளைக்காரர் போட்ட கையெழுத்து

பன்னிரண்டு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவரைச் சினிமாவுக்கு இழுத்துப்போனது அவருடைய பார்வைதான். கண்ணாடி வாங்க வந்த ஒரு டைரக்டரை அவர் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அரை நிமிடம் பேசாமல் பார்த்தார். ஃபிரேம் மூக்கில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான். டைரக்டருக்கோ முதுகு சில்லிட்டுவிட்டது. "இந்த ஆளு உள்ளுக்குள்ள ஏதோ திட்டம் போடுறாருய்யா!" என்று கூட வந்தவரிடம் சொன்னார். அடுத்த மாதமே கண்ணாடிக் கடைக்காரர் வில்லனாகிவிட்டார்.

பதினேழு வருடத்தில் நாற்பது படங்கள். அடிதடி வில்லன் இல்லை, யோசிக்கிற வில்லன். சுவரில் ஒரு கீறல் விழாமல் வங்கியைக் காலி செய்வார். ஒரே ஒரு போன் பேசி இரண்டு மந்திரிகளை மோதவிடுவார். சதுரங்கப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கும் காட்சி மட்டும் பதினோரு படத்தில் உண்டு. குதிரை எப்படி நகரும் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. கேமராவுக்குப் பின்னால் யாராவது விரல் காட்டுகிற கட்டத்தில் கொண்டுபோய் வைப்பார். பத்திரிகைகள் 'மூளைக்காரர்' என்று பட்டம் கொடுத்தபோது அவர் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வீட்டில் அந்த மூளைக்கு மரியாதை குறைவு. மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மருந்துச் சீட்டானாலும் துணிக்கடை விளம்பரமானாலும் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்கமாட்டார். கணவர் அதற்கு நேரெதிர். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அச்சகத்துக்குப் போன் போட்டுக் கேட்பார்.

ஆனால் அவர்கள் குடியிருந்த இருபத்துநான்கு வீட்டு அடுக்குமாடியில் யாருக்கும் அது தெரியாது. இரண்டாம் மாடியில் இருந்த பேங்க் மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்: "சார், அப்பாவோட வீடு தம்பி பேர்ல போயிடும்போல இருக்கு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

மூளைக்காரருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டியபடி நின்றார். கொஞ்சம் பொறுத்து, "முதல்ல அவர நம்ப வைங்க" என்றார். மேனேஜர் புல்லரித்துப்போய்க் கிளம்பினார்.

அதன்பிறகு வரிசைகட்டி வந்தார்கள். பங்காளியைக் கவிழ்க்க ஒருவர், மேலதிகாரியை மாட்டிவிட ஒருவர், மாமியாரை மூத்த மகன் வீட்டுக்கு அனுப்பிவைக்க இன்னொருவர். எல்லோருமே நல்ல உத்தியோகத்தில் இருக்கும், சட்டை கசங்காத மனிதர்கள். எல்லோருக்கும் அதே ஜன்னல், அதே வசனம்.

"இவங்கள எல்லாம் பாத்தா எனக்கே பயமா இருக்கும்மா" என்றார் மனைவியிடம்.

"சினிமாவுலயாவது உங்களப் பிடிக்கக் கடைசியில போலீஸ் வரும்" என்றார் மனைவி.

யோசனை கேட்டு வராதவர் ஒரே ஒருவர்தான், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா" என்று சேர்க்காமல் ஒரு வாக்கியம்கூடப் பேசமாட்டார். மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அவர் ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார்.

"என் பேத்தி உங்க ரசிகை சார். உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா ஒரே ஒரு கையெழுத்து."

மூளைக்காரர் தாளின் நட்ட நடுவில் பேனாவைக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் கீழ போடுங்க சார். மேல உங்க படத்த வரையணுமாம் அவளுக்கு."

"அடடா, அதுக்கென்ன!" என்று தாளின் அடியில் போட்டுக் கொடுத்தார். கீழே இரண்டு கோடுகூட இழுத்தார்.

மூன்று வாரம் கழித்து, தரைத்தளப் பொதுக்கூடத்தில் இருந்த கேரம் போர்டுகள் வெளியே வந்தன. உள்ளே சாய்வு நாற்காலியும் விளக்கும் போயின. வாசலில் பல் மருத்துவமனை என்று பலகை ஏறியது. டாக்டர், செயலாளரின் மருமகன். கூடத்தைப் பத்து வருடத்துக்கு அவருக்கு விட்டுக்கொடுப்பதாக இருபத்துநான்கு வீட்டாரும் ஒப்புக்கொண்ட கடிதம் செயலாளரின் கோப்பில் பத்திரமாக இருந்தது. தாளின் அடியில் முதல் கையெழுத்து மூளைக்காரருடையது. மற்றவர்களுடையது அடுத்த பக்கத்தில்.

மற்றவர்கள் ஏன் போட்டார்கள்? அதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செயலாளர் ஒவ்வொரு வீட்டிலும் அந்த முதல் கையெழுத்தைத்தான் காட்டியிருக்கிறார். 'இவ்வளவு பெரிய தந்திரசாலி போட்டிருக்கிறார் என்றால் நம் கண்ணுக்குத் தெரியாத லாபம் ஏதோ இருக்கிறது' என்று ஆளாளுக்கு நினைத்திருக்கிறார்கள். என்ன லாபம் என்று கேட்டால் செயலாளர் நம்மை முட்டாள் என்று நினைத்துவிடுவாரே! மூன்றாம் மாடி வக்கீல்கூடப் படிக்காமல்தான் போட்டார்.

பல்லைக் குடையும் இயந்திரத்தின் சத்தம் நான்காம் மாடி வரை கேட்க ஆரம்பித்ததும் கூட்டம் போட்டார்கள். மொட்டைமாடியில் நாற்காலிகள். மனைவி கணவரின் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "நடந்தத அப்படியே சொல்லுங்க."

எழுதிக்கொடுக்க ஆள் இல்லாமல் அவர் பேசிய முதல் காட்சி அது.

"நான்... வெறும் தாள்லதாங்க போட்டேன். பேத்தி படம் வரைவான்னு சொன்னாரு. நான் ஏமாந்துட்டேன்."

வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார், இந்தக் கதைய எங்ககிட்டயேவா? திட்டம் போட்டதே நீங்கதான்னு எங்களுக்குத் தெரியாதா?"

"ஆயுசு முழுக்க இலவசப் பல் வைத்தியமா சார்?" என்றார் பேங்க் மேனேஜர்.

"மூஞ்ச எப்படி அப்பாவியா வச்சிருக்காரு பாருங்க! நடிப்புன்னா இதுதான்யா நடிப்பு!" என்று பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். செயலாளரும் தட்டினார், சத்தம் வராமல்.

மனைவி விடவில்லை. ஆட்சேபக் கடிதம் ஒன்றைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். 'படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டோம்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. "அத மட்டும் எடுத்துட்டா போடறேன்" என்றார் வக்கீல். அதை எடுத்துவிட்டால் கடிதத்தில் மிச்சம் தேதிதான்.

கணவர் சோர்ந்துபோயிருப்பார் என்று நினைத்து வந்தால், அவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட்ல என்னப் பாத்ததும் எல்லாரும் ஒதுங்கி நிக்கிறாங்க, கவனிச்சியா?"

"ஏமாந்தவர்னு பேர் வாங்கறதவிட எத்தன்னு பேர் வாங்கறது இனிக்குதாக்கும்?"

அவர் மீசையின் மறுபக்கத்தையும் தடவினார். இனிக்கத்தான் செய்தது.

ஆனாலும் செயலாளரை அவரால் மறக்க முடியவில்லை. அடுத்த படத்தின் டைரக்டரிடம் போய், குரல் உயர்த்தாத, எல்லோருக்கும் வணக்கம் வைக்கிற, ஒரு வெள்ளைத்தாளில் கட்டடத்தையே வளைத்துப்போடுகிற ஓய்வு பெற்ற மனிதரைப் பற்றிச் சொன்னார். வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தமாக யோசித்திருந்தார்.

"நல்லாதான் இருக்கு சார். ஆனா இதுல வில்லன் எங்க?" என்றார் டைரக்டர். "இவரப் பாத்தா ஜனங்க பக்கத்து வீட்டுக்காரர்னு நினைச்சுருவாங்க."

"அதத்தாங்க நானும் சொல்றேன்!"

கடைசியில் டைரக்டர் இஷ்டப்படிதான் எடுத்தார்கள். கதாநாயகனை நாற்காலியில் கட்டிப்போட்டு, தன் திட்டம் முழுவதையும் நான்கு பக்க வசனத்தில் மூளைக்காரர் விளக்கினார். அதற்குள் கதாநாயகன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். படம் நன்றாக ஓடியது.

படம் வந்த மாதம் அவருக்குக் கடைவாய்ப் பல்வலி பிடுங்கி எடுத்தது. வேறு இடம் தேடிப் போகவும் தெம்பில்லை. கீழே இறங்கிப்போய், செயலாளரின் மருமகன் முன்னால் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தார். செயலாளர் ஓசைப்படாமல் வந்து பக்கத்தில் நின்றார்.

"படம் பாத்தோம் சார், குடும்பத்தோட. பிரமாதம்" என்றார். பிறகு குனிந்து, "தப்பா எடுத்துக்கலைன்னா ஒண்ணு சொல்லலாமா? கட்டிப்போட்டவன்கிட்ட அவ்வளவு பேசியிருக்க வேண்டாம்."

வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் மூளைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.