மெல்பேர்னுக்கு நிதி கேட்கப் போன கதை

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு ரயிலில் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் பகல் ரயிலில் போங்கள். நான் முதன்முதலில் அப்படிப் போனது 1975 ஜூலையில். ஊர் பார்க்கப் போகவில்லை, நிதி கேட்கப் போனேன்.

அப்போது சிட்னியில் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பஞ்சம் வாட்டிய காலம் அது. தரகர்கள் அங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து நகரத்து வீடுகளில் வேலைக்கு விட்டார்கள். அதைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய விரும்பினேன். பிள்ளைகள் எந்த வழியாகக் கொண்டுபோகப்படுகிறார்கள், வழியில் யாரால் தடுக்க முடியும் என்று தெரிந்தால்தானே அந்த ஊர்க்காரர்கள் ஏதாவது செய்யலாம்? மெல்பேர்னில் ஒரு தேவாலய அறக்கட்டளை எங்களைப் பேச அழைத்தது. என் பேராசிரியை மார்கரெட்டும் கூட வந்தார்.

சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ஏறினோம். தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அன்றைக்குப் பதின்மூன்று மணி நேரம் பிடித்தது. டிக்கெட் விலை மறந்துவிட்டது. கோல்பர்ன் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மறியாடுகள்தான். கட்டிக்கொண்டு போன பாணும் முட்டைப் பொரியலும் ஆல்பரிக்கு முன்பே தீர்ந்துவிட்டன. நீங்கள் கொஞ்சம் கூடுதலாகவே கட்டிக்கொள்ளுங்கள்.

மார்கரெட் தன் தோழி வீட்டுக்குப் போனார். என்னை மெல்பேர்ன் புறநகரான ஸ்பிரிங்வேலில் இருந்த, இலங்கையின் வடக்கே எங்கள் ஊரைச் சேர்ந்த டாக்டர் ஒருவர் வந்து கூட்டிப்போனார். அவர் மனைவி மனோ அன்ரி இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"செல்வி, அக்காவுக்குத் தண்ணி கொண்டு வா."

"இந்தா வர்றேங்க," என்று குசினியிலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் 'வாறன்' என்போம். இது மலையகத்துப் பேச்சு. வந்தவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஆர் அன்ரி இந்தப் பிள்ளை?"

"இவரின்ர தங்கச்சி வீட்டில கொழும்பில நிண்டவள். எனக்கு உதவிக்கெண்டு கூட்டியந்தனாங்கள்."

"பள்ளிக்கூடம் போறவளோ?"

"அவளுக்கு இங்கிலிஷ் வராது பிள்ளை. நீர் சாப்பிடும், ஆறப்போகுது."

சாப்பிட்டேன். இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்; அதையும் சாப்பிட்டேன். காலையில் எழுந்தபோது என் சேலை இஸ்திரி போட்டு மடித்துக் கதிரையில் கிடந்தது. யார் போட்டது என்று தெரிந்தும் அதையே கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

அறக்கட்டளைக் குழுவின் முன் நன்றாகவே பேசினேன். முடிவில் ஒரு பெரியவர் கேட்டார்: "இது உங்கள் நாட்டுப் பிரச்சினை. எங்கள் சபையார் கொடுக்கும் காசை ஏன் அங்கே அனுப்ப வேண்டும்?"

"நேற்று நான் தங்கிய வீட்டிலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். இங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்," என்றேன்.

யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. நிதி தருவதாக அங்கேயே சொல்லிவிட்டார்கள். நான் பூரித்துப்போய் வெளியே வந்தேன்.

"அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள்?" என்றார் மார்கரெட்.

"அவளோடு பேசவில்லை."

"பேசாமலா அவளைக் காட்டிக் காசு வாங்கினாய்?"

முகம் எரிந்தது. நேரே ஸ்பிரிங்வேலுக்குத் திரும்பினோம். நடந்ததைச் சொன்னதும் மனோ அன்ரி கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

"சாப்பாடு போட்டு, படுக்க இடமும் தந்தனான். வெள்ளைக்காரருக்கு முன்னால எங்கட மானத்தை வித்துப்போட்டீரே!"

குசினிக்குள் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உம்மட பேர் செல்விதானோ?"

"இல்லீங்க, காமாட்சி. இவங்கதான் மாத்திட்டாங்க."

"உமக்கு என்ன விருப்பம்?"

"அம்மாகிட்ட போகணுங்க." பிறகு அவளாகவே சொன்னாள். "மாமான்னு சொல்லிக்கிட்டு ஒருத்தரு கூட்டிட்டு வந்தாரு. எங்க தோட்டத்துப் பக்கம் அட்டன் டவுன் பஸ் ஸ்டாண்டுல பொழுது சாயிற வரைக்கும் உக்கார வச்சிருந்தாரு. அழுதுகிட்டேதான் இருந்தேன். எல்லாரும் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனாங்க. யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "நேத்து நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்."

எல்லாவற்றையும் மார்கரெட்டுக்கு மொழிபெயர்த்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

மார்கரெட் அன்று மாலையே குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்தார். காமாட்சி ஒரு மலேசியத் தமிழ் ஆசிரியையின் வீட்டில் சில மாதங்கள் இருந்து பள்ளிக்கூடம் போனாள். அதற்குள் அவள் அம்மாவைத் தோட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். வருடம் முடிவதற்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். கொழும்பு வீடுகளில் தொடங்கவிருந்த ஆய்வை நாங்கள் அட்டன் பஸ் ஸ்டாண்டில் தொடங்கினோம். அங்கிருந்த தேநீர்க் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் அழுகிற பிள்ளைகளிடம் நின்று விசாரிக்கப் பழகினார்கள். சில பிள்ளைகள் அங்கிருந்தே வீடு திரும்பினார்கள். மனோ அன்ரி என்னோடு பிறகு பேசவேயில்லை. உண்ட வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்று மெல்பேர்னில் என்னைச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. அது என்னை உறுத்துவதில்லை. காமாட்சி என் கேள்விக்காகக் காத்திருந்த அந்த ஓர் இரவுதான் இன்றைக்கும் தலையைக் குனிய வைக்கிறது.

இனி, போகிறவர்களுக்கு: இப்போது ரயில் பதினொரு மணி நேரத்தில் போய்விடும். ஜூலை அங்கே குளிர்காலம், கனமான கோட் இல்லாமல் இறங்காதீர்கள். ஸ்பிரிங்வேல் கடைகளில் காய்கறியும் பழமும் மலிவு, ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். தெரிந்தவர் வீட்டில் தங்கினால், அங்கே வேலை செய்துகொண்டு ஒரு பிள்ளை நின்றால், வீட்டுக்காரரிடம் விசாரிக்காதீர்கள். பிள்ளையிடம் கேளுங்கள். மறுநாளைக்கு என்று வைக்காதீர்கள்.