வாழைத்தோப்பில் தூங்கியவர்

கல்யாணமான நாள் முதல் வத்ஸலா தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் எது என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். புடவைகூட நாத்தனார்களுக்கு எடுக்கும்போது கூடவே எடுத்ததுதான். திருச்சியில் பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். வீடு ஸ்ரீரங்கம் உத்திர வீதியில். கூடத்துச் சுவர் முழுக்கக் காலண்டர் பெருமாள்கள். பெருமாள் படம் போட்ட காலண்டரைக் கழற்றக் கணவர் வரது விடமாட்டார். டிசம்பரோடு தேதியெல்லாம் கிழிந்துவிடும், பெருமாள் மட்டும் ஆணியிலேயே நிற்பார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் வத்ஸலாவுக்கு ஓவியப் பைத்தியம் பிடித்தது. படம் விற்கும் தளங்களைப் போனில் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, தூரிகை எங்கே அழுத்தியிருக்கிறது, எங்கே சும்மா தடவிவிட்டிருக்கிறது என்று பார்ப்பாள். போனைச் சுவருக்கு நேரே பிடித்தால் படம் அங்கே மாட்டியிருப்பதுபோலவே காட்டும். அதை வைத்துக்கொண்டு அவள் கூடத்தில் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்து வரது, "சிக்னல் கிடைக்கலையா?" என்றார்.

கடைசியில் மனசு ஒரு படத்தில் நின்றது. ஜீயபுரம் பக்கத்து வாழைத்தோப்பு. உச்சிவெயிலில் வேலைக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறார். அவ்வளவுதான். அச்சுப் பிரதி இல்லை, ஒருவர் கையால் வரைந்த ஒரே படம். ஒரு பச்சைக்குள் இத்தனை பச்சையா என்று அவள் மலைத்துப்போனாள். சண்டை போட்டுச் சாய்வு நாற்காலிக்கு எதிர்ச்சுவரைக் காலி செய்தாள். அந்த ஒரு சுவராவது தனக்கென்று இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். விலையில் பாதியைத்தான் வரதுவிடம் சொன்னாள். அதற்கே மனிதர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

பார்சல் வந்த அன்று பார்த்து அவள் தில்லைநகரில் கண் டாக்டரிடம் போயிருந்தாள். திரும்பி வந்தால், வாசலிலேயே வரது நிற்கிறார்.

"கையக் கால அலம்பிண்டு வா. பெருமாள் எழுந்தருளியிருக்கார்!"

பூஜை அலமாரிக்கு மேலே அவளுடைய ஓவியம் தொங்கியது. அதற்குத் துளசி மாலை, முன்னால் விளக்கு, தட்டில் கற்கண்டும் பாலும்.

"ஏன்னா, என்ன காரியம் பண்ணியிருக்கேள்? அது என் படம்!"

"உன் படம்தான், யார் இல்லேன்னா? சயனத் திருக்கோலம்னு ஒரு வார்த்தை சொன்னியா என்கிட்ட? வலது திருக்கை திருமுடிக்குக் கீழ, பாத்தியோ? மேல அஞ்சு தலையோட ஆதிசேஷன்."

"அது வாழை இலை!"

"இடுப்புல பீதாம்பரம்."

"மஞ்சத் துண்டு! தோப்புல வேலை செய்யற மனுஷன் அசந்து தூங்கறான். அவ்வளவுதான்."

"நீ அப்படிச் சொல்ற. எனக்குப் பெருமாளா தெரியறாரே, நான் என்ன பண்ண?"

வரது பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்தான். போதாததற்குப் பக்கத்து வீட்டு மாலினிக்கும் சொல்லியனுப்பியிருந்தார். அவள் வந்து விழுந்து சேவித்துவிட்டு, "மாமி, அந்த அரைக்கண் அழகப் பாருங்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வத்ஸலா தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு மலை எது, பள்ளத்தாக்கு எது என்று புரியவைத்தவளுக்கு, வாழை இலையை வாழை இலை என்று இரண்டு பெரியவர்களை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. எதை வாங்கினாலும் அது பெருமாளுக்கே போய்விடும் என்றால், இந்த வீட்டில் அவளுக்கென்று என்னதான் மிச்சம்? அழுகை வந்தது. அழுதால் பக்தியில் உருகுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

"திருப்பி அனுப்பிடறேன். ஒரு வாரத்துக்குள்ள அனுப்பலாம்னு போட்டிருக்கான்."

"ஸ்ரீரங்கத்துலேந்து ரங்கநாதனையா? கூரியர்லயா?" வரதுவுக்கு நிஜமாகவே முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் காலையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. படத்தோடு வந்த தாளில் ஓவியரின் நம்பர் இருந்தது. பெயர் டோமினிக். வரதுவை எதிரே உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், அந்தப் படத்துல தூங்கறது யாரு? கொஞ்சம் சத்தமா சொல்லுங்கோ."

"அதுங்களாம்மா? எங்க தோப்புல வேலை பாக்குறவருங்க. சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தாரு. நான் வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை எழுந்து பீடி வேற குடிச்சாருங்க."

வரதுவின் முகம் தொங்கிப்போனது. வத்ஸலா வெற்றியோடு அவரைப் பார்த்தாள்.

"ரங்கசாமின்னு பேருங்க," என்றார் டோமினிக்.

வரது எழுந்து நின்று கைகூப்பினார். வத்ஸலா போனைப் பட்டென்று வைத்தாள்.

அதற்குமேல் அவளுக்குப் பொறுமை இல்லை. ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு ஏறினாள். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். படத்தைக் கொண்டுபோய்க் கூடத்தில் தன் சுவரில் மாட்டினாள்.

"இது என் சுவர். இதுல தூங்கறது பீடி குடிக்கற ரங்கசாமி. இங்க யாராவது விளக்கு கிளக்கு ஏத்தினேள்னா, நடக்கறதே வேற!"

வரது மேல்துண்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

வீடு அமைதியானது. வத்ஸலா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே அத்தனை பச்சையும் அவளுக்கே அவளுக்கு. சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஏறி இறங்கியதில் முழங்கால் வலித்தது. ஸ்டூலை முன்னால் இழுத்துக் காலைத் தூக்கி நீட்டினாள். பாதம் இரண்டும் படத்துக்கு நேராக இருந்தன.

கொஞ்ச நேரத்தில் கால் தானாக மடங்கிக்கொண்டது.

"சீ, ரங்கசாமிடி" என்று தன்னையே அதட்டிக்கொண்டு மறுபடி நீட்டினாள். மறுபடி மடக்கினாள். வலியோ விடவில்லை. கடைசியில் எழுந்து நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, காலைச் சமையலறைப் பக்கம் நீட்டிக்கொண்டாள். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய படத்தை இப்போது கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. எரிச்சல் தாங்கவில்லை.

"பெருமாளே, ஏன் இப்படி என் பிராணனை வாங்கற?" என்றாள்.

சொன்ன பிறகுதான், படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.