விற்பவர் உங்களுக்கு உறவா?

போன வாரம் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஏதோ பெரிய தையல்காரி என்று நினைத்துவிடாதீர்கள். இதுவரை இரண்டு தலையணை உறை தைத்திருக்கிறேன். அதில் ஒன்றை நான்கு பக்கமும் மூடித் தைத்துவிட்டேன். விரலில் ஏறிய அந்த எண்ணெய் வாசனை என்னை நேராகப் பாலக்கரைக்குக் கொண்டுபோய் விட்டது, ஸ்டெல்லா அம்மாவின் கடைக்கு.

அப்போது எனக்கு மன்னார்புரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பவர்களுக்காகச் சுங்க இலாகா வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிற இடம். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். அப்படி ஒரு நல்ல நாளில்தான் முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். சரக்கின் மதிப்பு பற்றிய உறுதிமொழியை இனி கம்ப்யூட்டரில் மட்டும்தான் கொடுக்க வேண்டுமாம். அதுவும் இறக்குமதி செய்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் தானே பதில் சொல்லி, தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட வேண்டுமாம். அதுவரை காகிதத்தை நாங்களே நிரப்பிவிடுவோம். அவர்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி வாங்கித் தருவார்கள்.

ஆகவே கடை கடையாகப் போய்க் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. திருவெறும்பூர் பட்டறைக்காரர் ஒருவர், "ஏம்மா, பாஸ்வேர்ட மறந்துட்டா அதுக்கும் ஃபைன் போடுவாங்களா?" என்று நிஜமான பயத்தோடு கேட்டார். எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் தலையை ஆட்டினேன்.

ஸ்டெல்லா அம்மா தையல் மெஷின் ஊசியும் உதிரிப் பாகங்களும் விற்றார். எல்லாம் சிங்கப்பூரிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வரும். அனுப்புகிறவர் ஜெரால்டு, அவர் கணவரின் தம்பி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய வியாபாரம் அது. கணவர் மாரடைப்பில் போன பிறகு, "கடைய மூடிட்டு ஊசி, நூல் இல்லாம நிம்மதியா இருங்க அண்ணி" என்றிருக்கிறார் ஜெரால்டு. பிள்ளைகள் இல்லாத வீட்டில் காலையில் எழுந்து எங்கே போவது? ஸ்டெல்லா அம்மா மறுத்துவிட்டார். வார்த்தை தடித்தது. அதன்பின் சரக்கு வந்தது, பேச்சு நின்றது. கடிதங்கள் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு' என்று தொடங்கலாயின.

நான் திரையில் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் காட்டினேன். விலை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாவற்றுக்கும் பட்டென்று பதில் சொன்னார்.

"வாங்குபவரும் விற்பவரும் உறவினரா?"

ஸ்டெல்லா அம்மா திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"அவர் இருந்தவரைக்கும் உறவு. இப்ப நான் அவங்களுக்கு யாரும்மா?"

இப்படி ஒரு கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. வெளியே போய் முதலாளிக்குப் போன் செய்தேன். "உறவுதான், ஆமான்னு போடச் சொல்லு. உறவுக்காக விலையக் கொறச்சுக் காட்டினாங்களான்னு விசாரிப்பாங்க. சரக்கு கொஞ்சம் லேட்டாகும், அதையும் சொல்லிடு" என்றார்.

சொன்னேன். ஸ்டெல்லா அம்மா ஜெரால்டின் எண்ணைப் போட்டு, எனக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

"ஸ்டெல்லா பேசறேன்."

"சொல்லுங்க மேடம்."

மேடம் என்ற சொல் அவ்வளவு கூர்மையானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"நீங்க எனக்கு உறவான்னு கஸ்டம்ஸ்ல கேக்கறாங்க. என்ன போடட்டும்?"

"இல்லன்னு போட்டுடுங்க. ரெண்டு பேருக்கும் அதான் வசதி."

போனை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அதன்பின் மவுஸை நகர்த்தத் தெரியாமல் நகர்த்தி, 'ஆம்' என்ற இடத்தில் தானே அழுத்தினார்.

விசாரணை வந்தது. கிறிஸ்துமஸ் தையல் சீசன் முழுக்கச் சரக்கில்லாமல் போனது. வழக்கமான டெய்லர்கள் வேறு கடை பார்த்தார்கள். எங்கள் ஆபீசில்கூட, ஒரு 'இல்லை'யில் முடிந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடி துடைத்த கைதான் நினைவுக்கு வந்தது.

விலை விவரங்களை விற்பவரும் விளக்க வேண்டும் என்று சுங்க இலாகாவில் கேட்டிருந்தார்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலே போதும். ஆனால் ஒரு காலை நேரத்தில், விமான நிலையத்திலிருந்து நேராகப் பெட்டியோடு ஒருவர் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "நீங்க யாருங்க?" என்று முதலாளி கேட்டார்.

"ஸ்டெல்லா அண்ணியோட கொழுந்தன்."

நான்தான் அவரைப் பாலக்கரைக்கு அழைத்துப் போனேன். கடைக்கு வந்ததும் படி ஏறாமல் வெளியிலேயே நின்றார். உள்ளே ஸ்டெல்லா அம்மா ஒரு டெய்லருக்கு ஊசி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். டெய்லரை அனுப்பிவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"உள்ள வா ஜெரால்டு. என்ன, வெளியாள் மாதிரி நிக்கற?"

"இல்லன்னு போடச் சொன்னேனே அண்ணி..."

"கவர்மென்ட்டே கேக்குது. பொய் சொல்லவா?"

அவ்வளவு பெரிய மனிதர் கடை நடுவே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் தெருவுக்கு இறங்கிவிட்டேன்.

விலையில் குறையில்லை என்று விசாரணை முடிந்தது. ஆனால் போன டெய்லர்கள் திரும்பவில்லை. ஆன்லைனில் ஊசி வீட்டுக்கே வர ஆரம்பித்திருந்தது. சில வருஷம் தள்ளாடிவிட்டு ஸ்டெல்லா அம்மா தானாகவே கடையை மூடினார். ஞாயிறு தவறாமல் சிங்கப்பூரிலிருந்து போன் வரும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

எங்கள் ஏஜென்சியும் இப்போது இல்லை. அது இருந்த மாடியில் உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. பாலக்கரைக் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள்.

ஸ்டெல்லா அம்மா போன தவக்காலத்தில் காலமானார். அடக்கத்துக்கு ஜெரால்டு வந்திருந்தார். முதல் பிடி மண்ணை அவர்தான் போட்டார். எல்லோரும் கலைந்த பிறகும், அண்ணன் கல்லறைக்கும் அண்ணி கல்லறைக்கும் நடுவில், வெயிலில், வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தார். மறுநாள் அண்ணியின் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். பாலக்கரையில் அந்தக் குடும்பத்தார் என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.