குடிலுகிட்ட நில்லு

எங்கள் வீட்டில் பாப்பா என்றால் முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை. என் தம்பி. மீசை உண்டு, வாரம் இரண்டு முறை அவனுக்கு ஷேவிங் செய்துவிடுவது என் வேலை. உடம்பு வளரும் அளவுக்குப் புத்தி வளராது என்று அவனுடைய நாலாவது வயதில் டாக்டர் சொன்னார். அன்றைக்கு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பேரே கடைசிவரை நின்றுவிட்டது. பால்காரரிலிருந்து பங்குச் சாமியார் வரை எல்லாருக்கும் அவன் பாப்பாதான். அந்த ஒரு சொல்லால் சிங்கப்பூரில் நான் முக்கால் மணி நேரத்தை வீணடித்தேன்.

நான் தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு பொம்மிடிப் பக்கம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று யாரும் கேட்பதும் இல்லை. அரையாண்டு லீவில் டூர் கூட்டிப்போகிறவர்களிடம் பேர் கொடுத்தபோது, அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கரில் நடந்துகொண்டிருந்தார். அவரால் பாப்பாவைத் தனியாகச் சமாளிக்க முடியாது. போனால் அவனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் நானும் போகக்கூடாது. தம்பிக்கு உலகத்தைக் காட்டப் போகிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையடித்துக்கொண்டேன். பச்சைப் பொய். ஆசை எனக்குத்தான்.

அவனுக்கு வரவே இஷ்டமில்லை. டிசம்பர் பிறந்தால் எங்கள் மாதா கோயிலில், இயேசு பிறந்த மாட்டுக் கொட்டகையாகக் குடில் கட்டுவது அவன் பொறுப்பு. பழைய தட்டுகளில் மண் பரப்பி ராகி விதைப்பான், கிறிஸ்மஸுக்குள் அது புல்லாக எழும்பி நிற்கும். வைக்கோல் போட்டு, மாடு, ஆடு சுரூபங்களைத் துடைத்து வைப்பான். குழந்தை இயேசுவை மட்டும் இருபத்து நாலாம் தேதி நள்ளிரவுப் பூசையில் சாமியார்தான் கொண்டுவந்து வைப்பார். அதுவரை தீவனத் தொட்டி காலியாக இருக்கும். அந்தக் காலித் தொட்டிக்கு என் தம்பிதான் காவல். யாராவது சின்னப்பிள்ளைகள் கையை விட்டால் கத்தித் தீர்த்துவிடுவான். இந்த வருஷம் ராகித் தட்டுகளை வேறு பையன்களிடம் ஒப்படைக்கச் சொன்னபோது இரண்டு நாள் சோறு உண்ணவில்லை. நான் அதட்டித்தான் கிளப்பினேன்.

கிளம்பும்போது அம்மா என் போன் நம்பர் எழுதிய அட்டையை அவன் கழுத்தில் மாட்டினார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கைய மட்டும் வுட்றாத."

இருபத்து மூன்றாம் தேதி சிங்கப்பூரில் ராட்டினங்கள் இருக்கும் ஒரு பெரிய பார்க்குக்குப் போனோம். வாசலில் மூன்று மாடி உயரத்துக்குக் கிறிஸ்மஸ் மரம். மேலேயிருந்து சோப்பு நுரையைப் பனி என்று கொட்டினார்கள். பாப்பாவுக்குச் சந்தோஷம் வந்தால் உரக்கக் கை தட்டுவான், நிறுத்த மாட்டான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் டூர் ஆட்களும் கொஞ்சம் தள்ளி நடக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. போட்டோவில் நன்றாக இல்லை என்று கழுத்து அட்டையைக் கழற்றி என் பையில் போட்டேன். போட்டோவுக்காகத்தான் என்று அப்போது நானே நம்பினேன்.

அங்கே ஒரு பெரிய ராட்டினம், தலைகீழாகப் போய் வருவது. அவனுக்கு உயரம் ஆகாது. நிழலில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, மக்காச்சோளப் பொரி வாங்கிக் கொடுத்து, பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன், எழுந்திருக்காதே என்றேன். சரி என்று தலையாட்டினான். வரிசை நகரவில்லை. பத்து நிமிஷம் போயிற்று, இருபது போயிற்று. வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் கைக்குள் இன்னொரு கை இல்லை. அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ராட்டினம் தலைகீழாகச் சுழன்றபோது தொண்டை கிழியச் சிரித்தேன்.

இறங்கி வந்தேன். பெஞ்சில் வேறொரு குடும்பம் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது, எழுந்திருக்காதே என்றேனே என்று. ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். சாப்பாட்டுக் கடைகளுக்குள் புகுந்து பார்த்தேன். பார்க்கின் நடுவே ஒரு ஏரி இருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. இருபது வருஷமாக இங்கிலீஷில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. சீருடை போட்ட ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பாப்பாவக் காணோங்க" என்றேன்.

பதறாதீங்க அக்கா என்று நாற்காலி போட்டாள். என்ன உடுப்பு என்று கேட்டாள். நீலச் சட்டை என்றேன். உடனே வாக்கிடாக்கியில் சொன்னாள். ஆட்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். நான் சேசுவே, சேசுவே என்று முனகிக்கொண்டு அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவோ நேரம் கழித்து ஒருவர் சிரித்த முகத்தோடு வந்தார். அவர் கையில் நீலக் கவுன் போட்ட, நாலு வயதுப் பெண் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அந்தப் பெண்மேல் தப்பே இல்லை. பாப்பா என்று சொன்னது நான். நீலச் சட்டை என்று சொன்னதும் நான். பாப்பா என் தம்பிங்க, முப்பத்தொண்ணு வயசு என்றபோது அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். போன் பண்ணிப் பார்த்தீர்களா என்றாள். அவனிடம் போன் கிடையாது, அதெல்லாம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவனுக்கு விவரம் போதாது என்று விளக்குவதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போட்டோவைக் காட்டினேன். எல்லாரும் முதலிலிருந்து தேடத் தொடங்கினார்கள்.

அப்போது பார்த்து அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவார். எடுத்தேன். பாப்பா சாப்பிட்டானா என்று கேட்டார். சாப்பிட்டான், சின்னப்பிள்ளைகள் ராட்டினத்தில் இருக்கிறான் என்றேன். இங்கே ராகி சரியாக முளைக்கவில்லை, பையன்கள் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டார்கள், அவனிடம் சொல்லிவிடாதே என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார்.

"அங்க கூட்டமா இருக்குதா? கூட்டத்துல அக்கா காணாம பூட்டா குடிலுகிட்ட போயி நின்னுக்கடான்னு வருசா வருசம் சொல்லி வெச்சிருக்கேன். அங்கயும் ஒரு குடிலக் காட்டி வையி. நின்ன எடத்துலயே நிப்பான்."

போனை வைத்துவிட்டு, இங்கே குடில் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மரம்தான் இருக்கிறது, குடிலெல்லாம் வைப்பதில்லை என்றாள். வைக்கோல் இருக்கிற இடம், மாடு பொம்மை இருக்கிற இடம் ஏதாவது உண்டா என்றேன். யோசித்தாள். குழந்தைகள் விளையாடும் பகுதிக்குப் பின்னால் பண்ணை மாதிரி ஒன்று போட்டிருக்கிறார்கள் என்றாள். அவள் வழி சொல்லி முடிப்பதற்குள் நான் ஓடினேன்.

பலகையால் அடித்த ஒரு கொட்டகை. உள்ளே வைக்கோல், ஒரு பிளாஸ்டிக் மாடு, இரண்டு ஆடு, ஒரு மரத் தொட்டி. அதற்கு எதிரே, மழையில் தொப்பலாக நனைந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் இரண்டு குழந்தைகள் தொட்டியில் ஏறப் பார்க்க, அவர்களை விரட்டிக்கொண்டிருந்தான்.

போன வேகத்தில் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. பிறகு அவனை இறுகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"எதுக்குக்கா அடிக்கிற? நீதான பத்து நிமிசம்னு சொல்லிப்புட்டு வரவே இல்ல. அதான் குடிலத் தேடி வந்து நின்னேன்."

இது குடில் இல்லையடா, பொம்மைக் கொட்டகை, குழந்தை எங்கே இருக்கிறது பார் என்றேன். சுலபமான கணக்கில் தடுமாறுகிற பிள்ளையை நான் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

"நாளைக்கு ராத்திரிதானக்கா வெப்பாங்க."

அட்டையை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினேன். மாட்டும்போது, "நீ எங்கக்கா போன?" என்று கேட்டான். அவன் கையைப் பிடித்தேன். அவன் என் கையை அதைவிட இறுக்கமாகப் பிடித்தான்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அம்மா திரும்பவும் கூப்பிட்டார், பாப்பாவிடம் கொடு என்றார். கொடுத்தேன். அவன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, பெரிய மனிதனைப் போல நிதானமாகச் சொன்னான்.

"அக்கா காணாம பூடுச்சும்மா. நீ ஒண்ணும் அழுவாத. நான் குடிலுகிட்டயே நின்னேன், கெடச்சிருச்சு."

அந்தப் பக்கம் அம்மா, அக்காவிடம் கொடு என்று சொல்வது எனக்கே கேட்டது. அவன் போனை நீட்டினான். நான் வாங்கவில்லை.