குரல் வராமல் விடமாட்டான்

லிஃப்ட் வேலையில் ஒரே ஒரு வேதவாக்குதான். லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இருப்பவன் "போகலாம்" என்று குரல் கொடுக்காமல், மேலே நிற்பவன் பட்டனைத் தொடக் கூடாது. மெக்கானிக்குக்கு உதவியாக மேலே நின்ற அவசரக்குடுக்கை மச்சினன் ஒருநாள் குரல் வருமுன்னே தொட்டுவிட்டான். குழிக்குள் இருந்த மெக்கானிக்கின் தொடையெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்து, படாத பாடுபட்டுத்தான் அவரை மறுபடி நடக்க வைத்தார்கள்.

அன்றோடு அவர் மனைவி கூடப்பிறந்த தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவன் வாசலில் தலைகாட்டினால் தையல் மெஷினைக் கடகடவென்று மிதிப்பாள். பாவம், துணி என்ன தப்பு செய்தது?

அவரை நடக்க வைத்த ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டுக்குப் பயிற்சிக் கருவிகள் வாங்க நிதி திரட்டும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மெக்கானிக் பெயர் கொடுத்தார். துணைக்கு மச்சினனையும் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை விழுந்தா அந்தக் கால் தேறாதுன்னு டாக்டர் சொன்னாரே! அதுவும் இவனை நம்பியா?" என்று பதறினாள் மனைவி.

"இவனை நம்பித்தான். கால் சேர்ந்துடுச்சு, நீங்க ரெண்டு பேரும் எப்போ சேருவீங்க?"

அவள் தையல் மெஷினை மறுபடி கடகடவென்று மிதித்தாள்.

ஓட்டத்தின் கடைசி இறக்கத்தில் தொடை விண்விண்ணென்று தெறித்தது. கயிற்றுக்கு அப்பால் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நிற்பது தெரிந்தது.

"நிறுத்து!" என்று கத்தினான் மச்சினன். வேலைக் குரலில் மாமாவாவது மரியாதையாவது!

வேறு யாராக இருந்தாலும் "என்ன?" என்று திரும்பிக்கொண்டே ஓடியிருப்பார்கள். தொழில் புத்தி போகுமா? மெக்கானிக் சட்டென்று நின்றார். பின்னால் வந்த ஆள் மோதியதில் தடுமாறி மச்சினன் மேல் சாய்ந்தார். இரண்டடி முன்னால் யாரோ கொட்டிய தண்ணீரில் தரை வழவழவென்று கிடந்தது.

"ஓரமா நில்லுங்கப்பா!" என்று கத்திக்கொண்டே இரண்டு பக்கமும் கூட்டம் உரசிக்கொண்டு பாய்ந்தது. இன்னும் ஒரு இடி போதும், கால் போய்விடும். மெக்கானிக் பதறிப்போய் முன்னால் நகரப் பார்த்தார். மச்சினன் அவர் சட்டையை விடவில்லை.

"கால் நிக்குதான்னு பாத்துட்டுக் குரல் கொடுங்க மாமா. நீங்க சொல்லாம நான் விடமாட்டேன்."

மெக்கானிக் காலை மெல்ல ஊன்றிப் பார்த்தார். வலித்தாலும் தாங்கியது.

"போகலாம்!"

"போகலாம்!" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் அவன் கையை எடுத்தான். ஈரத்தைச் சுற்றிக்கொண்டு, நொண்டியபடி எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள்.

மனைவி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். புருஷனைத் தாண்டிப் போய்த் தம்பியிடம் நீட்டினாள்.

"முதல்ல நீ குடிடா. பாரு, எப்படி நடுங்குறே!"

அவனால் குடிக்க முடியவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நா வறண்டு நின்ற மெக்கானிக், தன் முறை வரட்டும் என்று காத்திருந்தார்.