கொலோனில் கிடைத்த ஐந்தடிக் குரல்

சென்ற நவம்பரில் ஹைடெல்பெர்க்கிலிருந்து கொலோனுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல; என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் எஸ்தோனியக் கவிஞரின் குரலைக் கேட்க. 1963இல், லூபெக் துறைமுகத்து அகதிகளைப் பற்றிய ஒரு குறும்படத்துக்கு அவர் உரை எழுதினார். படத்தின் முடிவில் கேமரா முன் நின்று தம் கவிதை ஒன்றைத் தாய்மொழியில் வாசித்தார். இரண்டாண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை அகற்றிவிட்டார்கள். இப்போது குறிப்பேட்டில் ஜெர்மனில் எழுதித்தான் பேசுகிறார். அவர் குரல் பதிவாகியிருப்பது அந்தப் படத்தில் மட்டுமே.

படம் எடுத்த கொலோன் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது: படம் நல்ல நிலையில் பாதுகாக்கப்பட்டுள்ளது, பதினெட்டாம் தேதி பதினோரு மணிக்கு வரலாம். நம்பினேன். ஐம்பத்து மூன்று வயதில் செய்யத்தகாத காரியம்.

காலை 7.12 ரயிலில் கவிஞரும் நானும் ஏறினோம். சுமார் 250 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், இரண்டாம் வகுப்பில் ஒருவழிக்கு 22 மார்க். மைன்ஸ் தாண்டியதும் வலப்பக்கம் அமர்ந்தால் ரைன் நதி தெரியும். எங்களுக்கு மூடுபனிதான் தெரிந்தது. கோப்லென்ஸ் அருகே கவிஞர் குறிப்பேட்டை நீட்டினார்: “என் குரல் சற்று மூக்கால் வரும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.”

நிலையத்திலிருந்து டிராமில் பதினைந்து நிமிடம். எங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்றார் வாயிற்காவலர். கடிதத்தைக் காட்டினேன். கடிதம் சரிதான், பட்டியலில் இல்லையே என்றார். நாற்பது நிமிடம் நின்றோம். பிறகு ஒலிப்பிரிவிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். காயல்பட்டினத்துக்காரர், பெயர் சுலைமான்; எட்டாண்டுகளாக அங்கே ஒலிப்பொறியாளர்.

“சார் தமிழா? லெட்டர்ல பேரைப் பாத்ததுமே நெனச்சேன். வாங்க. இவங்க லிஸ்ட்ல ஏறணும்னா பொறக்கும்போதே அப்ளை பண்ணியிருக்கணும்.”

திரையில் கவிஞர் வாய் திறந்தார். இரண்டு விநாடி அவர் குரல். உடனே அது தாழ்ந்து, அதன்மேல் ஒரு ஜெர்மன் அறிவிப்பாளரின் குரல் ஏறி உட்கார்ந்தது. இங்கே அயல்மொழிக்காரர் பேசும் காட்சிகளெல்லாம் இப்படித்தான்: பேசுகிறார் என்பதற்கு அத்தாட்சியாக இரண்டு விநாடி, பிறகு மொழிபெயர்ப்பு. கவிதைக்கும் அதே விதி. கவிஞர் குனிந்து எழுதினார்: “நல்ல குரல். வானிலை அறிக்கைக்குப் பொருந்தும்.” எழுத்து கோணியிருந்தது.

நான் சுலைமான் பக்கம் திரும்பினேன். “கலப்பதற்கு முந்தைய மூல ஒலிநாடா எங்கே?”

“அழிச்சுட்டாங்க சார். அஞ்சு வருசம் வச்சிருப்பாங்க, அப்புறம் டேப்பைத் திரும்ப யூஸ் பண்ணிருவாங்க. ரிஜிஸ்டர்ல பாத்தேன். அதுமேல கார்னிவல் பாட்டு எடுத்திருக்காங்க.”

“இதைக் கடிதத்தில் எழுத ஒருவருக்கும் தோன்றவில்லையா?”

“நீங்க படம் இருக்கான்னு கேட்டீங்க. இருக்குன்னுட்டாங்க.”

துறைத்தலைவரைப் பார்க்க வேண்டும் என்றேன். மதிய உணவு முடிந்து 1.30க்கு வந்தார். பார்வையாளருக்குப் புரியாத மொழி, ஆகவே யாருக்கும் இழப்பில்லை என்றார். இழந்தவர் அவருக்கு எதிரே அமர்ந்திருந்தார். நான் குரலை உயர்த்தவில்லை. கவிஞரை அருகில் வைத்துக்கொண்டு அது முறையாகப் படவில்லை.

கிளம்பும்போது சுலைமான் வழிமறித்தார். “சார், முடிவை மட்டும் இன்னொரு தடவ கேளுங்க. முதல்ல நாம பேசிக்கிட்டிருந்துட்டோம்.”

கேட்டோம். அறிவிப்பாளர் முடித்த பின்னும் கவிஞரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மொழிபெயர்த்த மகானுபாவர் கடைசி வரியைத் தேவையில்லை என்று விட்டிருக்கிறார். ஆகவே அதன்மேல் பேச ஆளில்லை. நான்கு விநாடி. மூக்கால் வரும், தெளிவான குரல்.

கவிஞர் விரலைச் சுழற்றினார்: மறுபடி. ஒன்பது முறை கேட்டார். பிறகு எழுதினார்: “எழுதும்போது இந்த வரியைத்தான் வெட்ட நினைத்தேன்.”

இப்படிப் பழைய பதிவுகளைத் தேடிச் செல்பவர்களுக்கு: மூல ஒலியையும் கலந்த ஒலியையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எதை எப்போது அழித்தார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். கடிதத்துக்கு இரண்டு நகல் வையுங்கள். வாயிலில் நிற்கக் கனத்த காலுறை அவசியம்.

போகவர ஐந்நூறு கிலோமீட்டர். சுலைமான் பிரதியெடுத்துக் கொடுத்த நாடாவின் நீளம் ஐந்தடி. கவிஞர் அதை மேலங்கியின் உட்பையில் வைத்தார். ஹைடெல்பெர்க் வந்து சேரும்வரை அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.